உள்ளங்கையில் இரண்டு இளவரசர்கள்

சொன்னா நம்பமாட்டீங்க, போன சனிக்கிழமையிலிருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்லை! டெங்கில்ல எங்க தாமான் வீடு, தலைக்கு மேல விமானம் இறங்குற இரைச்சல், நான் ஒரு குட்டிப் பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டிருக்கேன், கை நடுங்குது. உள்ளே தினாரியஸ். அகஸ்டஸ் காலத்து ரோமானிய வெள்ளிக்காசு! நம்ம 10 சென் காசு அளவுதான், 4 கிராம்கூட வராது.

பழைய 50 சென்னில வாவ் பட்டம், 10 சென்னில சொங்காக், 20 சென்னில வெத்தலைப் பெட்டி இருக்குமே, அதையெல்லாம் தடவித் தடவியே வளர்ந்தவன் நான். அந்த விரலுக்கு இது கிடைச்சா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க!

முன்பக்கம் அகஸ்டஸ், தலையில லாரல் இலை மாலை. ஓரத்து எழுத்து கொஞ்சம் தேஞ்சிருக்கு, அதனால என்ன? திருப்பினேன். ஐயோ! ரெண்டு பையன்கள், டோகா அங்கி உடுத்தி நிக்குறாங்க, நடுவுல ரெண்டு கேடயம், பின்னால ரெண்டு ஈட்டி, அதுக்கும் மேல நகக்கண் அளவுகூட இல்லாத இடத்துல பூசாரியோட அகப்பையும் நிமித்தம் பாக்குறவரோட வளைஞ்ச கோலும்! காயஸ், லூசியஸ். அகஸ்டஸோட மகள் வயிற்றுப் பேரன்கள், அவரே தத்தெடுத்துக்கிட்டவங்க. அகப்பை மூத்தவனுக்கு, கோல் இளையவனுக்கு. எனக்கப்புறம் இவங்கதான்னு ஒரு பேரரசர் ஊர் ஊராப் போய்ச் சொல்ல முடியுமா? காசுல அடிச்சுவிட்டார், இன்னைக்கு பிரான்ஸ்ல இருக்கிற லியோன் நகரத்து அக்கசாலையில. ஆனா கி.பி. 2இல் லூசியஸ் போயிட்டான், 4இல் காயஸும் போயிட்டான், கடைசியில அரியணை ஏறினது திபேரியஸ். பையன்கள் போனப்புறமும் அவங்க முகம் போட்ட காசு கைமாறிக்கிட்டே இருந்துச்சு, கடல் தாண்டி மிளகுக்கும் மணிக்கல்லுக்கும் விலையா நம்ம தமிழ் மண்ணுக்கே வந்துச்சு! கொஞ்சம் கண்ணை மூடிப் பாருங்க, ஒரு கொங்கு நாட்டு வியாபாரி இதே மாதிரிக் காசை விளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்குறான், லத்தீன் எழுத்து அவனுக்குத் தெரியாது, ஆனா ஈட்டி தெரியும், கேடயம் தெரியும், பிள்ளைங்க தெரியும்! எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு, நடுராத்திரியில எழுந்து டார்ச் அடிச்சு இன்னொரு தடவை பார்த்தேன், அப்புறம் இன்னொரு தடவை.

கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளலூர்ல 1842இல் ஒரே புதையல்ல 522 வெள்ளிக்காசு கிடைச்சது, பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தது. எங்க தாத்தா அந்தப் பக்கத்துலேருந்துதான் கப்பலேறி வந்து பால் மரம் வெட்டினார்.

"இதுக்கா இவ்வளவு ரிங்கிட் கொடுத்தே?"ன்னாங்க அம்மா. பூதக்கண்ணாடியைக் கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"பாவம், சின்னப் பிள்ளைங்களா இருக்கே. பேரு என்னப்பா?"