‘ஆனந்தி’ காட்டும் நகரம்: விலைமாதர் சட்டங்களும் இஸ்லாமிய நோக்கும்

உருதுச் சிறுகதை இலக்கியத்தில் குலாம் அப்பாஸின் (1909–1982) ‘ஆனந்தி’க்குத் தனியிடம் உண்டு. அமிர்தசரஸில் பிறந்த அவர், டெல்லியில் அகில இந்திய வானொலியின் உருது இதழான ‘ஆவாஸ்’ஐக் கவனித்து வந்த நாள்களில், 1939-ஆம் ஆண்டு எழுதிய கதை இது. 1948-இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுதியும் இப்பெயரையே தாங்கியது. 1983-இல் ஷியாம் பெனகல் இதனைத் தழுவி ‘மண்டி’ என்னும் திரைப்படத்தை எடுத்த பின், உருது அறியாதாரும் இக்கதையைப் பற்றிக் கேள்வியுற்றனர். விபச்சாரம் குறித்த நம் நாட்டுச் சட்டங்களை உரசிப் பார்க்க இக்கதை ஒரு நல்ல கட்டளைக்கல் என்பது நம் கருத்து. ஆயினும் இக்கதை காணத் தவறிய ஒன்றும் உண்டு. இரண்டையும் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

கதையின் போக்கு

ஒரு நகராட்சி மன்றத்தின் கூட்டத்தோடு கதை தொடங்குகிறது. வழக்கத்திற்கு மாறாக அன்று உறுப்பினர் அனைவரும் வந்திருக்கின்றனர். நகரின் நடுவே, கடைவீதியில், விலைமாதர் குடியிருப்பதே அன்றைய பொருள். குடும்பப் பெண்கள் அவர்களின் ஒப்பனையைக் கண்டு ஏழைக் கணவன்மாரிடம் அத்தகைய அணிமணிகளைக் கேட்கின்றனர். மாணவர் மனம் கெடுகிறது. நகரின் மானம் போகிறது என்று ஒருவர் பின் ஒருவராக முழங்குகின்றனர். முடிவில் தீர்மானம் நிறைவேறுகிறது. நகரிலிருந்து ஆறு கோசு தொலைவில் உள்ள பாழ்நிலம் அப்பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட அப்பெண்களுள் வசதி படைத்த பதினால்வர் மட்டுமே அங்கே வீடு கட்டிக்கொள்ள இசைகின்றனர். கொத்தனாரும் சித்தாள்களும் வருகின்றனர். அவர்களுக்குப் பீடி முதலியன விற்க ஒரு கிழவி மரத்தடியில் கடை விரிக்கிறாள். பிறகு கபாப் கடை வருகிறது, நாவிதர் வருகிறார், தையற்காரர் வருகிறார். பாழடைந்து கிடந்த பள்ளிவாசலில் தொழுகை நடக்கத் தொடங்குகிறது. கவனிப்பாரற்றுக் கிடந்த கப்ரு ஒன்று தர்காவாகிறது. அடுத்தடுத்துப் பள்ளிக்கூடம், அஞ்சலகம், இரயில் நிலையம், நீதிமன்றம், சிறைச்சாலை எல்லாம் எழுகின்றன. இருபது ஆண்டுகளில் அது ஒரு பெருநகரம். ‘ஹுஸ்னாபாத்’ (அழகின் ஊர்) என்று மக்கள் வைத்த பெயரை அதிகாரிகள் நாகரிகம் கருதி ‘ஹஸனாபாத்’ ஆக்குகின்றனர். பின்னர்ப் பழம்பெயர் ஆய்ந்து ‘ஆனந்தி’ என்கின்றனர். இறுதியில் ஆனந்தி நகராட்சி மன்றம் கூடுகிறது. நகரின் நடுவே விலைமாதர் குடியிருப்பது குறித்து அதே முழக்கங்கள் மீண்டும் எழுகின்றன. இம்முறை அவர்களுக்கு ஒதுக்கப்படும் இடம் பன்னிரண்டு கோசு தொலைவில் இருக்கிறது.

‘எங்கே’ என்னும் கேள்வி

இக்கதையின் வெற்றி, ஆசிரியர் எவரையும் ஏசாததில் இருக்கிறது. ஓர் அலுவலக அறிக்கையின் நிதானத்தோடு கதை செல்கிறது. கிழவியின் பெட்டிக்கடையும் நீதிமன்றமும் ஒரே குரலில் சொல்லப்படுகின்றன. மன்றத்தில் பேசிய கனவான்களின் வேட்கைதான் அந்நகரைக் கட்டி எழுப்பியது என்பதை ஆசிரியர் ஓரிடத்திலும் வாய்விட்டுக் கூறவில்லை. அடுக்கிச் செல்லும் கடைகளின் பட்டியலே கூறிவிடுகிறது. பள்ளிவாசலும் தர்காவும் அப்பட்டியலில் இடம்பெறுவது நம் போன்றோர் நின்று சிந்திக்க வேண்டிய இடமாகும். பாவத்தின் நிழலில் வளரும் ஊரில் மார்க்கமும் ஒரு கடையாகச் சுருங்கிவிடக் கூடும் என்னும் எச்சரிக்கை அதில் அடங்கியுள்ளது.

மன்றத்தார் எழுப்பியது ‘எங்கே’ என்னும் ஒரே கேள்வியை. இப்பெண்களைக் கொண்டுவந்தவர் யார், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. இது கற்பனை நகராட்சியின் குறை மட்டும் எனக் கொள்வதற்கில்லை. 1956-இல் இயற்றப்பட்டு, 1986-இல் திருத்தமும் புதுப்பெயரும் பெற்ற விபச்சாரத் தடுப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். விடுதி நடத்துவதையும், பெண்களை இத்தொழிலுக்குக் கொண்டுவருவதையும், அவர்களின் வருவாயில் பிழைப்பதையும் அது குற்றமாக்கியது, இது பாராட்டத்தக்கது. ஆனால் வாங்குபவனைப் பற்றி அது பேசுவது பெரும்பாலும் இடம் சார்ந்தே: வழிபாட்டிடம், கல்விக்கூடம், மருத்துவமனை முதலியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், அரசு அறிவித்த பகுதிகளிலும் நடந்தால் மட்டுமே 7-ஆம் பிரிவு அவனையும் தொடுகிறது. பொது இடத்தில் அழைப்பு விடுப்பதைத் தண்டிக்கும் 8-ஆம் பிரிவில் பெண்ணுக்கு முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆணுக்கு உச்சவரம்பு மூன்று மாதம். 20-ஆம் பிரிவோ, ஒரு பெண்ணைத் தன் அதிகார எல்லையிலுள்ள ஓர் இடத்திலிருந்து அகற்ற நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. கான்பூர்ப் பெண்கள் சிலர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-இல் இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ‘ஆனந்தி’ எழுதப்பட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது.

கதை காணாதது

இனி, ‘ஆனந்தி’யின் குறைக்கு வருவோம். ஐந்நூறு பேருள் பதினால்வர் வீடு கட்டினர். மற்றவர்கள் என்ன ஆயினர்? கதை அவர்களை ஓரிரு வரிகளில் அனுப்பிவிடுகிறது. வீடு கட்டப் பணமில்லாத அப்பெரும்பான்மையினரே இத்தொழிலின் உண்மை முகம். மேலும், இருபது ஆண்டுகளில் புதிய நகரின் மாடங்களை நிரப்பிய இளம்பெண்கள் எங்கிருந்து வந்தனர்? மரத்தடிக் கிழவி வந்த வழியை அறிகிறோம். இப்பெண்கள் வந்த வழியை அறியோம். மன்றத்தாரைப் போலவே ஆசிரியரும் ‘எங்கே’ என்பதிலேயே நின்றுவிட்டார் என்று கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அவர் விட்ட இடத்தை, அவருக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே மற்றோர் உருது எழுத்தாளர் நிரப்பியிருந்தார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மிர்ஸா ஹாதி ருஸ்வாவின் ‘உம்ராவ் ஜான் அதா’ 1899-இல் வெளிவந்தது. பைஸாபாத்தில் எளிய குடும்பத்துச் சிறுமி அமீரன். அவளுடைய தந்தை தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன வஞ்சத்தைத் தீர்க்க, திலாவர்கான் என்பவன் அவளைக் கடத்துகிறான். லக்னோவில் கானும் என்பவளின் கணிகையர் இல்லத்திற்கு 125 ரூபாய்க்கு அவள் விற்கப்படுகிறாள். அமீரன் உம்ராவ் ஆகிறாள். கடத்தியவனுக்குப் பெயர் உண்டு. விலைக்கு எண் உண்டு. வாங்கியவளுக்கு முகவரி உண்டு. அவளோடு கடத்தப்பட்ட ராம்தேயி என்னும் சிறுமியோ ஒரு பிரபுக் குடும்பத்திற்கு விற்கப்பட்டு, பின்னாளில் ஒரு நவாபின் மனைவியாக மரியாதையோடு வாழ்கிறாள். இருவருக்கும் இழைக்கப்பட்ட குற்றம் ஒன்றே. எந்த வாசலில் விற்கப்பட்டனர் என்பது ஒன்றே ஒருத்தியை பேகமாகவும் மற்றவளைப் பழிக்குரியவளாகவும் ஆக்கிற்று. ஒழுக்கம் எனச் சமூகம் எடைபோடுவதில் எவ்வளவு பங்கு தற்செயல் என்பதை ருஸ்வா இவ்விரு சிறுமியரைக் கொண்டே நிறுவிவிடுகிறார். பல ஆண்டுகள் கழித்து உம்ராவ் பைஸாபாத்திற்கு வரும்போது தாய் கட்டி அழுகிறாள். சகோதரனோ குடும்ப மானத்தின் பெயரால் அவளை விலக்குகிறான். விற்றவனை நோக்கி எழாத ரோஷம் விற்கப்பட்டவளை நோக்கி எழுகிறது.

வசனம் யாரை நோக்குகிறது?

இவ்விடத்தில் திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தை ஊன்றி நோக்க வேண்டும். விபச்சாரத்திற்கான தண்டனையை அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே கூறுகிறது (24:2). பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை முதலில் ஆண்களுக்கும் (24:30) பிறகு பெண்களுக்கும் (24:31) விடுக்கிறது. விபச்சாரத்தை வாணிபமாக நடத்துவதைத் தடுக்கும்போதோ (24:33) அதன் விலக்கல் முழுவதும் நிர்ப்பந்திப்பவனை நோக்கியே அமைகிறது. நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை தன் அடிமைப் பெண்களை இத்தொழிலுக்கு நிர்ப்பந்தித்ததே இவ்வசனம் அருளப்பட்ட பின்னணி என்பது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி. அவன் மதீனாவின் பெரிய மனிதர்களுள் ஒருவன் என்பதை மறத்தலாகாது. வசனத்தின் இறுதியில் வரும் இறைமன்னிப்பு நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கு உரியது என்று இமாம் தபரீ (ரஹ்) முதலானோர் விளக்கியுள்ளனர். அப்பெண்கள் கற்பை விரும்பினால் என்னும் சொற்றொடர் தடைக்கு நிபந்தனையாக வந்ததன்று. நடந்த நிலையைச் சுட்டவே வந்தது என்பதும் விரிவுரையாளர் கண்ட தெளிவு.

அதே வசனத்தில், இத்தடைக்குச் சற்று முன்னர், விடுதலை ஒப்பந்தம் கோரும் அடிமைகளுக்கு அதனை எழுதிக் கொடுங்கள் என்றும், அல்லாஹ் உங்களுக்கு அளித்த செல்வத்திலிருந்து அவர்களுக்கு வழங்குங்கள் என்றும் கட்டளை வருகிறது. இவ்வரிசையை நாம் தற்செயலாகக் கொள்ளவில்லை. மீட்கும் பொருளும் விலக்கும் கட்டளையும் ஒரே வசனத்தில் அருகருகே நிற்கின்றன. ஆனந்தி மன்றத்தில் இரு முறையும் எவரும் பேசாதது இதைத்தான்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் ஒரு பெண் கொண்டுவரப்பட்ட நிகழ்ச்சியை இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்துள்ளார். தாகத்தால் தவித்த அவளுக்குத் தண்ணீர் தர மறுத்த இடையன் ஒருவன், அவள் உடலையே விலையாகக் கேட்டிருந்தான். அவள் நிர்ப்பந்தத்திற்கு ஆளானவள் என்று ஹழ்ரத் அலீ (ரலி) ஆலோசனை கூற, அவள் விடுவிக்கப்பட்டாள். கத்தி முனை ஏதும் அங்கே இல்லை. வறண்ட நாக்கு மட்டுமே இருந்தது. வறுமையின் கட்டாயத்தையும் கட்டாயமாக எண்ணிப் பார்க்க நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நம் கடமை

புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, இப்பெண்களைக் காவல்துறை கண்ணியத்தோடு நடத்தவும், விருப்பமின்றிக் காப்பகங்களில் வைக்கப்பட்டுள்ள வயது வந்த பெண்களின் நிலையை மாநிலங்கள் ஆராயவும் பணித்தது. இத்தொழிலை ஓர் உரிமையாகக் கொள்வோரின் வாதத்தை ஷரீஅத் ஏற்காது. விபச்சாரத்தின் கூலி ஹராம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் தொழிலை வெறுப்பதும் அதில் விழுந்தவளை மனிதப் பிறவியாக மதிப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதால் மன்னிக்கப்பட்ட விலைமாதைப் பற்றிய நபிமொழி நம் மத்ரஸாக்களில் ஆண்டுதோறும் ஓதப்படுகிறது அன்றோ?

இன்ன தெருவிலிருந்து இவர்களை அகற்றுங்கள் என்று மனு எழுதுவது எளிது. அம்மனுவோடு நம் ஜமாஅத்துகள் மூன்று கேள்விகளையும் சேர்த்து எழுத வேண்டும்: இச்சிறுமியை விற்றவன் யார்? நாள்தோறும் வாங்கச் செல்பவர்களுள் நம் மஹல்லாவினர் எத்தனை பேர்? மீண்டு வர விரும்புபவளுக்கு நம்மிடம் உள்ள வீடு எது, வேலை எது? ஸகாத்தின் எட்டுப் பங்குகளுள் அடிமைத் தளையிலிருந்து மீட்பதும் ஒன்று (9:60). இன்று விற்கப்படும் சிறுமியரை அப்பங்கின் கீழ்க் கொள்ள இடமுண்டா என்று நம் அறிஞர்கள் ஆய்ந்து கூறட்டும். இல்லையெனில் வறியோரின் பங்கும் கடனாளியின் பங்கும் இருக்கவே இருக்கின்றன. உம்ராவின் சகோதரன் மூடிய கதவை நாம் திறந்து வைக்காத வரை, ஆறு கோசு பன்னிரண்டு கோசாகும். பன்னிரண்டு கோசில் இன்னொரு நகரம் எழும். அல்லாஹ்வே நேர்வழி காட்டப் போதுமானவன்.