பிள்ளைத்தமிழில் இல்லாத பருவம்

என் மகளுக்கு அப்போது இரண்டே முக்கால் வயசு. வாயில் நிப்பிள் இல்லாமல் தூங்க மாட்டாள். (கடையில் கேட்டால் பேசிஃபயர்.) அரியலூருக்குப் போயிருந்தபோது என் அம்மா, ஒரே ராத்திரியில் மறக்கடிச்சுக் காட்டுறேன் என்றார். நிப்பிளில் வேப்பெண்ணெயைத் தடவி, ஒன்றும் தெரியாதவர் மாதிரி நீட்டினார். பிள்ளை முகம் அஷ்டகோணலாகித் தூக்கி எறிந்துவிட்டாள். வெற்றிதான். ஆனால் அடுத்த இரண்டு நாள் அப்பாயி ஊட்டிய ஒவ்வொரு வாய் சோற்றையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். மூன்றாம் ராத்திரி அழுகை தாங்காமல் நானே மெடிக்கலில் புதுசு வாங்கி வந்தேன்.

அந்த மோந்து பார்த்தல் என்னை என்னமோ செய்தது. குழந்தைக்கு ஒன்றை மறுக்கும் இடம் நம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் பிள்ளைத்தமிழ். அந்தப் பெயரோடு கிடைத்திருக்கும் நூல்களில் பழையது ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், 12ஆம் நூற்றாண்டு. பாட்டுடைத் தலைவன் இரண்டாம் குலோத்துங்கன். தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம், அதாவது இன்றைய அரியலூர் மாவட்டம். நம்ம ஊர்ச் சரக்கு! காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று பத்துப் பருவம். பிள்ளை தலையை நிமிர்த்துகிறது, கை கொட்டுகிறது, முத்தம் தருகிறது, நடந்து வருகிறது. எல்லாமே புதிதாகச் சேர்த்துக்கொள்பவை. எதையாவது விட்டுவிடுவதற்கு ஒரு பருவம்கூட இல்லை. பால்குடி மறக்காத பிள்ளை உலகத்தில் உண்டா? இந்த இலக்கண அமைப்பில் இது பெரிய ஓட்டை என்பேன்.

பெரியாழ்வாரிடம் அந்த இடம் இருக்கிறது. கண்ணனைப் பாதாதிகேசமாகப் பாடத் தொடங்கும்போதே பிள்ளை தன் பாதத்தைப் பிடித்துச் சப்பிக்கொண்டிருக்கிறது. அதில் அவர் குற்றம் காணவில்லை. பிறகு மூன்றாம் பத்தின் முதல் திருமொழியில் யசோதை பால் தர மறுக்கிறாள். நீ யாரென்று தெரிந்துகொண்டேன், உனக்கு அம்மம் தரவே பயமாக இருக்கிறது என்று பாட்டுக்குப் பாட்டு அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இது பால் மறக்கடிக்கும் பாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. அவளுடையது தெய்வத்தைக் கண்ட பயம். ஆனால் முதல் பாட்டிலேயே பூதனையும் வருகிறாள் என்பதைக் கவனியுங்கள். நஞ்சு தடவிய முலையைத் தாய் மாதிரி நீட்டியவள் ஒருத்தி. காரணத்தைச் சொல்லித் தர மறுப்பவள் இன்னொருத்தி. அப்படிப் பார்த்தால் வேப்பெண்ணெய் வைத்தியம் யாருடைய வழி?

இன்றைய மருத்துவ அறிவுரையிலும் இப்படி ஒரு நகர்வு தெரிகிறது. 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட பத்துப் படிகளில், தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களுக்கு நிப்பிள் கொடுக்கவே கூடாது என்றிருந்தது. 2018 திருத்தத்தில் அதன் ஆபத்துகளைத் தாயிடம் பேசி விளக்குங்கள் என்று மாறிவிட்டது. தடை போய் விளக்கம் வந்தது. பிள்ளைக்கும் அதே மரியாதையைக் கொடுத்தால் என்ன?

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போனோம், மனைவியின் வீட்டுக்கு. அங்கே அம்மாயி வழி வேறு. "பல்லு முன்னாடி தள்ளிக்கும் கண்ணு, அதான் வேணாங்கிறேன்" என்று நேராகச் சொல்லிவிட்டார். (மூன்று வயசுக்குள் நிறுத்தினால் நல்லது என்றுதான் பல் மருத்துவர்களும் சொல்கிறார்கள்.) பகலில் நிப்பிள் டப்பாவில் தூங்கும். ராத்திரி மட்டும் வெளியே வரும். டப்பாவைத் திறப்பதும் மூடுவதும் பிள்ளையின் வேலை. தூங்கும்போது பிடித்துக்கொள்ள அம்மாயியின் புடவைத் தலைப்பு, கேட்க ஒரு தாலாட்டு. 'தால்' என்றால் நாக்கு. பிள்ளையின் வாயில் எதையும் வைக்காமல், பாடுகிறவளின் நாக்கே வேலையைச் செய்துவிடுகிறது.

நடுவில் காய்ச்சல் வந்து நாலு நாள் பழையபடி ஆனது. நாங்கள் அசரவில்லை. அரியலூர் மாவட்டமே 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் திரும்ப ஒட்டிக்கொண்டு, 2007இல்தான் நிரந்தரமாகப் பிரிந்தது! ஊர் திரும்பிய பிறகும் இதே முறைதான். இரண்டு மாசத்தில் டப்பாவைக் கேட்பதே நின்றது.

எழுதியதை அம்மாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். "என்னைப் பூதனைன்னுட்டியேடா" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கும் வேப்பெண்ணெய் தடவித்தான் பால் மறக்கடிச்சேன். நீ ஒண்ணும் என் சோத்தை மோந்து பாக்கல" என்றார்.

பார்த்தேனா இல்லையா, எனக்கு ஞாபகம் இல்லை.