பதிவேட்டில் பெயர் இல்லாதவர்: மேற்குச் சென்னையிலும் இலங்கையிலும் தேவாலய வரவேற்பு

தேவாலயத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் இரண்டு விதமாக அதன் வாசலுக்கு வருகிறார்கள். சிலரை யாராவது அழைத்து வருகிறார்கள்; சிலர் தங்கள் தேவைக்காகத் தாங்களே வருகிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகர்ச் சபைகள் பெரும்பாலும் முதல் வழியை நம்பியிருக்கின்றன. இலங்கையின் பெயர்பெற்ற ஆலயங்களில் இரண்டாவது வழியே அகலமானது. இந்த வேறுபாட்டுக்கு வேர் அந்தந்த ஊர்கள் உருவான விதத்தில் இருக்கிறது.

மேற்குப் புறநகரான அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை 1949இல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இலும் தோன்றின. வேலை தேடித் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, வட ஆர்க்காடு பக்கங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இங்குள்ள சபைகள் பல, யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டமாகத் தொடங்கி, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு மாறி, பிறகு கான்கிரீட் கட்டடமானவை. பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சபைதான் ஊர். ஆகவே புதிதாக வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது, “எந்த ஊர், எந்தச் சபை?” என்பதுதான். பதில் பொருந்திவிட்டால் அடுத்த வாரமே வீட்டுச் சாப்பாடு, வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளி இடம் வரை உதவி வரும். பொருந்தாவிட்டால் அதே கேள்வி சுவராகிவிடும். அதன் அடியில் சாதி விசாரிப்பும் பல நேரங்களில் ஒளிந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் புறநகர் வரவேற்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

அக்கம்பக்கத்தார் தயக்கமின்றி வரும் நாட்கள் ஆண்டில் சில உண்டு. அவற்றில் அறுப்பின் பண்டிகை மிக உயிரோட்டமானது. வாழைத்தார், பூசணி, கரும்புக்கட்டு, காலைக் கட்டிய சேவல் எல்லாம் ஆலயத்துக்குப் படைக்கப்பட்டு, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காயை ஐநூறு ரூபாய்க்கு எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். தெருமுனை மளிகைக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்து, விலை கேட்கத் தொடங்கிவிடுவார். தென்மாவட்டத்தார் கையோடு கொண்டுவந்த அசனம் என்னும் பொது விருந்தும் இப்படித்தான்: இலை போட்டபின் யார் எந்த மதம் என்ற பேச்சு இல்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குப் பல இந்துக் குடும்பங்கள் வந்து பின்வரிசையில் நிற்கின்றன. முடிவில் தரப்படும், புத்தாண்டுக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைக் கைப்பேசி உறைக்குள் செருகி ஆண்டு முழுவதும் வைத்திருப்பவர்கள் உண்டு.

ஆனால் பண்டிகைக்கு வந்தவர் சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் பல சபைகளில் கதை வேறு. அறிவிப்பு வேளையில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுகிறார்கள். பெயர், தொலைபேசி எண், ஜெபக் குறிப்பு எழுத ஒரு தாள் நீட்டுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆயினும் கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இருநூறு பேர் திரும்பிப் பார்ப்பது தண்டனை. அவர் இரண்டாம் முறை வருவது அரிது.

மொழியிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. தொழிற்பேட்டையில் இன்று வேலை செய்வோரில் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், வங்காளத்தைச் சேர்ந்தவர்கள் ஏராளம். அவர்களில் முண்டா, ஒராவோன் பழங்குடிக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கெனத் தனி இந்தி ஆராதனை வைப்பது அவசியமான உதவி. ஆனால் அது வேறு நேரத்தில், வேறு கூடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. காலைத் தமிழ் ஆராதனைக்கு வருவோரும் பிற்பகல் இந்தி ஆராதனைக்கு வருவோரும் ஒரே கேட் வழியே போய்வந்தும் ஒருவரை ஒருவர் அறிவதில்லை.

இலங்கையில் காட்சி வேறு. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைதான் பெரிய நாள். சிங்களரும் தமிழரும், கத்தோலிக்கரும் பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து மெழுகுதிரி ஏற்றி, சொரூபத்தைத் தொட்டு வேண்டிக்கொண்டு போகிறார்கள். யாரும் பெயர் கேட்பதில்லை, தாள் நீட்டுவதில்லை. வன்னியில் உள்ள மடு மாதா ஆலயத்தின் ஆவணித் திருவிழாவுக்கு வருவோர் குடும்பத்தோடு காட்டுமர நிழலில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்; தமிழும் சிங்களமும் ஒரே பூசையில் ஒலிக்கின்றன. போர்க்காலத்தில் இதே வளாகம் ஆயிரக்கணக்கானோரின் அடைக்கலமாக இருந்தது. 1999 நவம்பரில் எறிகணைகள் அங்கும் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்கள் உயிரிழந்தார்கள்.

யாரும் பெயர் கேட்காத இந்த வரவேற்பின் குறை அதன் நிறைவுக்குள்ளேயே இருக்கிறது. வந்தவர் வந்தபடியே போய்விடுகிறார். அவர் நோயில் கிடந்தால் விசாரிக்க ஆள் இல்லை. அம்பத்தூர்ச் சபையோ தன் ஆளாக ஏற்றுக்கொண்டவரை ஆஸ்பத்திரி வரை தேடிப் போகும்.

தொழிலாளரைப் பொறுத்தவரை இலங்கை ஒரு படி முன்னே போயிருக்கிறது. 1958இல் அங்கே தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, மே தினத்துக்கெனத் தனி வழிபாட்டையே உருவாக்கியது. அதன் பணிகளில் பௌத்தரும் இந்துக்களும் மார்க்சியரும் சேர்ந்துகொண்டார்கள். பல்லாயிரம் பேர் ஷிஃப்ட் முறையில் உழைக்கும் அம்பத்தூருக்கு இது நேரடியாகப் பொருந்தும். இரவு ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனை எட்டாத தூரம்.

இரு நாடுகளிலும் வரவேற்பின் மேல் சந்தேகமும் படிந்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே 2004இல் இலங்கை நாடாளுமன்றத்தில் அத்தகைய மசோதா ஒன்று முன்வைக்கப்பட்டது, உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகள் அரசமைப்புக்கு முரண் என்றது, அது நிறைவேறவில்லை. அழைப்பில் உள்நோக்கம் உண்டோ என்ற கேள்வி அதன்பின் எங்கும் தொக்கி நிற்கிறது. இலங்கையில் இன்னும் ஆழமான காயம் 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயமும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்டன. சீயோனில், குண்டுப் பையோடு வந்த அந்நியரிடம் வாசலில் நின்றவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர் அன்று இறந்தார்கள். அதன்பின் பைச் சோதனை வாசல் வழக்கமாயிற்று. என்றாலும் கொச்சிக்கடை ஆலயம் அதே ஆண்டு ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது; செவ்வாய்க் கூட்டமும் திரும்பியது.

இரண்டு மரபுகளும் மேற்குச் சென்னையிலேயே அருகருகே இருக்கின்றன. 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழர் அம்பத்தூரை அடுத்த புழல் முகாமிலும் போரூர், வளசரவாக்கம் பகுதிகளிலும் வாழ்கிறார்கள். யாழ்ப்பாண ஆதீனம் (பேராயம்) 1947 முதலே தென்னிந்தியத் திருச்சபையின் அங்கம் என்பதால், அவர்களில் சிலருக்கு இங்குள்ள ஆராதனை முறையும் பழக்கமானதே. செவ்வாய்க்கிழமை ஒரு மெழுகுதிரியோடு சத்தமில்லாமல் வந்துபோகப் பழகிய ஈழத்தமிழருக்காகவும், பணியிலிருந்து நேரே வரும் ஒடிசாக்காரருக்காகவும், வார நாள் மாலை இரண்டு மணி நேரம் ஆலயக் கதவைத் திறந்து வைக்கத் தனிச் செலவு ஏதும் இல்லை. ஒரு விளக்கும், கேட்டால் மட்டும் பேசும் ஒரு முதியவரும், முற்றத்தில் குடிக்கத் தண்ணீரும் போதும்.