மருந்தும் அளவுகோலும்: 'போலோ' ஆய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படும் இயல்பினது. அத்தகைய கொடிய நோய்க்குப் புது மருந்து ஒன்று பயன் தருகின்றது என்றால், அச்செய்தியை மகிழ்ந்து வரவேற்பது இயற்கையே. ஆயினும், வரவேற்பு வேறு, மதிப்பீடு வேறு. 2019ஆம் ஆண்டு வெளிவந்த 'போலோ' ஆய்வு, நிறுத்துப் பார்த்தே ஏற்கத்தக்கதாகும்.

ஆய்வின் அடிப்படைக் கருத்து அழகியது. உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகள் அறுபட்டால், அவற்றைச் செப்பனிடப் பல வழிகள் உண்டு. பிஆர்சிஏ என்னும் மரபணுக்கள் அவற்றுள் ஒரு வழியைக் காப்பன. அவை பழுதுற்ற புற்றணு, 'பார்ப்' என்னும் நொதியின் துணையையே பெரிதும் நாடி நிற்கின்றது. அந்நொதியையும் 'ஓலாபரிப்' என்னும் மருந்தால் அடக்கிவிட்டால், புற்றணு மாளும். நலமுள்ள அணுவோ பெரிதும் பிழைக்கும்.

இக்கருத்தைச் சோதிக்க 3,315 நோயாளிகள் ஆராயப்பட்டனர். அவருள் 247 பேரிடமே பெற்றோர்வழி வந்த இப்பழுது காணப்பட்டது. பிளாட்டினம் கலந்த மருந்தினைப் பதினாறு வாரங்களுக்குக் குறையாமல் பெற்றும் நோய் பெருகாதிருந்த 154 பேர் இறுதியில் சேர்க்கப்பட்டனர். 92 பேருக்கு ஓலாபரிப்பும், 62 பேருக்குப் போலி மாத்திரையும் அளிக்கப்பட்டன.

நோய் வளராது கழிந்த இடைநிலைக் காலம், மருந்துண்டோர்க்கு 7.4 மாதம்; ஏனையோர்க்கு 3.8 மாதம். ஏறத்தாழ இருமடங்கு! இதனையே பலரும் எடுத்துப் பேசினர். ஆனால், 'நோய் வளராத காலம்' என்பதும் 'வாழ்நாள்' என்பதும் ஒரு பொருட் சொற்கள் அல்ல. 2022இல் வெளியான இறுதிக் கணக்கில், வாழ்நாளின் இடைநிலை அளவு முறையே 19.0, 19.2 மாதங்கள். வேறுபாடு இல்லை என்றே கொள்ளல் வேண்டும். வாழ்க்கைத் தரத்திலும் சிறப்பான ஏற்றம் காணப்படவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. மருந்து ஒப்பிடப்பட்டது போலி மாத்திரையோடு. தொடர்ந்து அளிக்கத்தக்க பிற வேதி மருந்தோடு அன்று. ஆகவே, 'எது சிறந்தது?' என்று மருத்துவர் கேட்கும் வினாவுக்கு இவ்வாய்வில் விடை இல்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகத்தின் அறிஞர் குழு 7க்கு 5 என்னும் சிறு பெரும்பான்மையிலேயே ஆதரவளித்ததில் வியப்பில்லை. அம்மாதமே இசைவும் கிடைத்தது.

எனினும், குறையை மட்டும் கூறி நிறையை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தோர், மருந்துண்டோருள் 33.9 விழுக்காடு, ஏனையோருள் 17.8 விழுக்காடு. சிறு தொகையினரிடம் கண்ட இவ்வேறுபாடு உறுதியான சான்று ஆகாது. ஆனால், சிலர்க்கேனும் மருந்து நெடும்பயன் தருகின்றதோ என்று மேலும் ஆராயத் தூண்டுகின்றது.

நோயாளிகளின் மரபணுவை ஆராயும் வழக்கத்துக்கு இவ்வாய்வு வலுவூட்டியதே பெரும் நன்மை. ஒருவரிடம் பழுது கண்டால், அவருடைய உடன்பிறந்தார், மக்கள் ஒவ்வொருவரிடமும் அது இருக்கப் பாதியளவு வாய்ப்புண்டு. அவர்கள் முன்னரே விழித்துக்கொள்ளலாம்.

ஆகவே, போலோ ஒரு வாயிலைத் திறந்தது. இல்லத்துள் கொண்டு சேர்க்கவில்லை. திறந்த வாயிலையே இல்லம் என்று கொள்வது நோயாளிக்குச் செய்யும் நன்மை ஆகாது.