சாட்டையின் கைப்பிடியே ஆடினால்?

சப்ளை செயின் பற்றிப் படிக்க ஆரம்பிக்கிற யாரும் ஒரு கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. ஹாவ் லீ, பத்மநாபன், சியுங்ஜின் வாங் மூன்று பேரும் சேர்ந்து 1997-ல் ஸ்லோன் மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் எழுதிய 'புல்விப் எஃபெக்ட்' கட்டுரைதான் அது. சாட்டையின் கைப்பிடியை லேசாக அசைத்தால் நுனி பெரிதாகத் துள்ளும் இல்லையா, அதேபோல கடையில் விற்பனை கொஞ்சம் ஏறி இறங்கினாலே மொத்த வியாபாரிக்குப் போகும் ஆர்டர் அதைவிட அதிகமாக ஆடும், தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது இன்னும் அதிகமாக ஆடும் என்பது அதன் சாரம்.

அருமையான கட்டுரை. ஆனால் இதை மனசில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் வேட்டைச் சாமான் வியாபாரத்தைப் பார்த்தால், ஒரு இடத்தில் இடிக்கிறது. அங்கே உள்ள சின்னக் கடைக்காரர்களும் சின்னத் தயாரிப்பாளர்களும் அடிபடுவது சரியாக அந்த இடத்தில்தான்.

முதலில் கட்டுரை சொல்வதைப் பார்ப்போம். ஆர்டர்கள் ஊதிப் பெருக நான்கு காரணங்கள் தருகிறார்கள். ஒன்று, வருகிற ஆர்டரையே தேவை என்று எடுத்துக்கொண்டு கணிப்பது. இரண்டு, சேர்த்து வைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது. மூன்று, விலைச் சலுகை வரும்போது அள்ளுவது. நான்காவதுதான் நமக்கு முக்கியம். தட்டுப்பாடு வந்தால் கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்து, 100 வேண்டியவர் 200 கேட்பார். இதை ரேஷன் விளையாட்டு என்கிறார்கள். சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சர்வர் மெதுவானதும் ஒவ்வொரு கிளையன்டும் ரீட்ரை மேல் ரீட்ரை அனுப்பும். வந்த ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பயனர்கள் மூன்று மடங்கு ஆகிவிட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் அதே ஆட்கள்தான் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கு அவர்கள் சொல்லும் மருந்து: கடையின் உண்மையான விற்பனைத் தகவலை மேலே இருப்பவர்களோடு பகிருங்கள், தட்டுப்பாடு வந்தால் கேட்ட அளவுப்படி இல்லாமல் பழைய விற்பனைப்படி பங்கிடுங்கள், ஆர்டரை ரத்து செய்வதையும் சரக்கைத் திருப்புவதையும் கடினமாக்குங்கள்.

கட்டுரையின் முதல் உதாரணம் குழந்தைகளுக்கான பாம்பர்ஸ் டயப்பர். குழந்தை ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கிறது, கடை விற்பனையும் பெரிதாக மாறுவதில்லை, ஆனாலும் மேலே போகப்போக ஆர்டர்கள் தாறுமாறாக ஆடுகின்றன. அதாவது கைப்பிடி அமைதியாக இருக்கிறது, நுனிதான் ஆடுகிறது. கடை பில்லில் இருப்பது சத்தியம், அதற்கு மேலே இருப்பதெல்லாம் சத்தம். மருந்து முழுக்க இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இப்போது தோட்டாவுக்கு வருவோம்.

2012 டிசம்பர் 14-ல் சாண்டி ஹுக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, புதுச் சட்டக் கட்டுப்பாடுகள் வரும் என்ற பயத்தில் அமெரிக்கா முழுக்க வாங்கிக் குவிக்க ஆரம்பித்தார்கள். அணில், முயல் வேட்டைக்கும் பயிற்சிக்கும் பயன்படுகிற பாயின்ட் 22 ரிம்ஃபயர் தோட்டா, எல்லாவற்றிலும் மலிவானது, கடை அலமாரிகளில் இருந்து காணாமல் போனது. ஒரு ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைகள் வரம்பு வைத்தன. தட்டுப்பாடு சில மாதங்களில் தீரவில்லை, வருடக்கணக்கில் நீண்டது.

அத்தனை தோட்டாவும் அணில் மேல் சுடப்பட்டதா? வாய்ப்பே இல்லை. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் கணக்கெடுப்பின்படி 2011-ல் சுமார் 1.37 கோடியாக இருந்த வேட்டைக்காரர்கள் 2016-ல் சுமார் 1.15 கோடி. அதே 2016-ல் துப்பாக்கி வாங்க எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சரிபார்ப்புகள் சுமார் 2.75 கோடி, 2012-ல் அது 1.96 கோடிதான். சரிபார்ப்பு எல்லாமே வேட்டைத் துப்பாக்கிக்கு நடப்பது இல்லை, உரிமம் தரவும் நடக்கும், அதனால் இதை நேரடி விற்பனைக் கணக்காக எடுக்கக் கூடாது. ஆனாலும் காட்டுக்குப் போகிறவர்கள் குறைய, கடைக்குப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

அப்படியானால் சரக்கு எங்கே போனது? வீட்டு அலமாரிக்கு. ஈரம் படாமல் வைத்தால் தோட்டா பல வருடம் கெடாது. கட்டுரையில் வரும் சங்கிலி தொழிற்சாலை, மொத்த வியாபாரி, கடை என்று முடிகிறது. இங்கே அதற்குக் கீழே இன்னொரு கிடங்கு இருக்கிறது, அது வாடிக்கையாளரின் வீடு. அந்தக் கிடங்கின் இருப்பு எந்தக் கம்ப்யூட்டரிலும் பதிவாகாது. ரேஷன் விளையாட்டைக் கடைக்காரர் மட்டும் ஆடவில்லை, அவரிடம் வாங்க வந்தவரும் ஆடினார். கைப்பிடியே ஆடும்போது, கைப்பிடியின் அசைவைத் துல்லியமாக அளந்து மேலே அனுப்பி என்ன பயன்? பொய்யான தேவையைத்தான் இன்னும் வேகமாக அனுப்புவோம்.

அடுத்த மருந்து, பழைய விற்பனைப்படி பங்கீடு. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு வருடம் முன்னால் திறந்த கடைக்குப் பழைய விற்பனை எங்கே இருக்கும்? நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற பெரிய செயினுக்குத்தான் அது இருக்கிறது. சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்? ஒரே சரக்கை மூன்று மொத்த வியாபாரிகளிடம் கேட்டு வைப்பார், யாராவது ஒருவர் கொடுப்பார் என்று. கட்டுரை இதை ஒரு நோயாகப் பார்க்கிறது. அவருக்கோ அதுதான் குடை. ரத்து செய்வதைக் கடினமாக்கினால், அலை அடங்குகிற மாதத்தில் மூன்று லாரியும் சேர்ந்து வாசலில் நிற்கும். கட்டுரை தொழிற்சாலையின் ஜன்னலில் இருந்து எழுதப்பட்டது என்று நான் சொல்வது இதனால்தான். அதில் தப்பில்லை. அதைச் சின்னக் கம்பெனிக்கும் அப்படியே புத்திமதியாகச் சொல்வதுதான் தப்பு.

அலை அடங்குவது எப்படி இருக்கும் என்பதற்கு 2016 நல்ல உதாரணம். ஹிலாரி கிளின்டன் ஜெயிப்பார், கட்டுப்பாடுகள் வரும் என்று எதிர்பார்த்துச் சரக்கு ஏற்றினார்கள். நவம்பர் 8-ல் டிரம்ப் ஜெயித்தார். மறுநாளே துப்பாக்கிக் கம்பெனிகளின் பங்குகள் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. 2017-ல் சரிபார்ப்புகள் 2.52 கோடியாக இறங்கின. அந்த மார்ச்சில் சுமார் 160 கடைகள் வைத்திருந்த கேண்டர் மவுன்டன் திவால் மனு போட்டது. அடுத்த வருடம் மார்ச்சில், 1816-ல் தொடங்கிய ரெமிங்டன். இரண்டுக்கும் கடன் சுமை உட்பட வேறு காரணங்களும் உண்டு. அதைவிட யோசிக்க வைப்பது அடுத்த கட்டம். 2020-ல் கோவிட் அலையில் சரிபார்ப்புகள் 3.97 கோடியாகி எல்லா சாதனையையும் உடைத்தன. அதே வருடம் ஜூலையில் ரெமிங்டன் இரண்டாவது முறையாகத் திவால் மனு போட்டது. தேவை உச்சத்தில் இருக்கும்போதே! பழைய பள்ளம் கையில் இருந்த காசை உறிஞ்சிவிட்டால், அடுத்த அலை கண்ணுக்கு முன்னால் வந்தாலும் மூலப்பொருள் வாங்கப் பணம் இருக்காது.

பாடப்புத்தகத்தின் 'செய்தித்தாள் விற்பவர்' சூத்திரத்தின் மேலும் எனக்கு இதே குறைதான். 60 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்று, மிஞ்சியதை 30-க்குத் தள்ளிவிடலாம் என்றால், ஒன்று குறைந்தால் இழப்பு 40, ஒன்று மிஞ்சினால் இழப்பு 30. நாற்பதை எழுபதால் வகுத்தால் 0.57. அதாவது தேவை முழுதும் தீர்வதற்கு 57 சதவீத வாய்ப்பு இருக்கும் அளவுக்குச் சரக்கு வை என்கிறது சூத்திரம். பல சீசன்களின் சராசரியில் இது சரி. ஆனால் இரண்டாவது சீசனில் வீட்டு அடமானம் மூழ்கிப்போனவர் பத்தாவது சீசனின் சராசரியைப் பார்க்க மாட்டார். விஸ்கான்சினில் துப்பாக்கி மான் சீசன் மொத்தமே 9 நாள். பத்தாவது நாள் வந்து சேரும் சரக்கு ஒரு வருடம் கடையில் தூங்கும்.

சரி, குறை சொல்லியாச்சு. சின்னக் கம்பெனி என்னதான் செய்யலாம்?

முதலாவது, பெட்டியை எண்ணாமல் ஆளை எண்ணுவது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். சாதாரண மாதம் 40 பேர் ஆளுக்கு 2 பெட்டி, மொத்தம் 80. அலை மாதம் 60 பேர் ஆளுக்கு 5 பெட்டி, மொத்தம் 300. பெட்டிக் கணக்கு தேவை ஏறக்குறைய நாலு மடங்கு என்கிறது. ஆள் கணக்கு ஒன்றரை மடங்குதான் என்கிறது. நடுவில் இருப்பதில் பெரும்பகுதி அலமாரிக்குப் போனது, அடுத்த வருடம் வாங்காமல் இருந்து நம்மிடமே திரும்பும். ஆளுக்கு இரண்டு பெட்டி என்ற வரம்பை எல்லோரும் நியாயமான பங்கீடாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரு அளவுகோலாகவும் தெரிகிறது.

இரண்டாவது, பதுக்கக்கூடியதையும் பதுக்க முடியாததையும் பிரிப்பது. தோட்டாவைக் குவிக்கலாம். பூட்ஸைப் பத்து ஜோடி யாரும் வாங்க மாட்டார்கள். மரத்தில் ஏறி உட்காரும்போது கட்டும் பாதுகாப்பு பெல்ட்டும் அப்படித்தான். பூட்ஸ் விற்பனை ஏறினால் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று ஓரளவு நம்பலாம். தோட்டா மட்டும் ஏறி பூட்ஸ் ஏறவில்லை என்றால் அது பயம்.

மூன்றாவது, 1994-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஃபிஷர், ஹாமண்ட், ஓபர்மேயர், ராமன் நால்வரும் எழுதிய கட்டுரையில் இருந்து. கொலராடோவின் ஆஸ்பென் ஊரில் இருந்த பனிச்சறுக்கு உடைக் கம்பெனி ஒன்றின் கதை. ஒவ்வொரு டிசைன் எவ்வளவு விற்கும் என்று குழுவில் உள்ளவர்கள் தனித்தனியாகக் கணித்தார்கள். கணிப்புகள் ஒத்துப்போன டிசைன்களை முதலில் தைத்தார்கள், ஒத்துப்போகாததைத் தகவல் வரும்வரை தள்ளிப் போட்டார்கள். இதற்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம், மூன்று துண்டுச் சீட்டு போதும். பேசுவதற்கு முன்னால் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

கடைசியாக, அலையின் உச்சியில் போடும் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கேள்வி: இது முழுசாக, சீசன் முடிந்த மறுநாள் வந்தால் தாங்குவேனா? மூன்று இடத்தில் கேட்டிருந்தால் மூன்றும் வரும் என்றே கணக்கில் எழுத வேண்டும். தாங்காது என்றால் அந்த லாபம் நமக்கானது இல்லை, பக்கத்துக் கடைக்குப் போகட்டும்.

லீயும் நண்பர்களும் எழுதியதை இன்றும் படிக்கச் சொல்வேன். படித்து முடித்ததும், அவர்கள் வரைந்த சங்கிலியின் கடைசியில் பென்சிலால் ஒரு சின்னப் பெட்டி வரைந்துகொள்ளுங்கள். விற்ற சரக்கு அதற்குப் பிறகு எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். டயப்பருக்கு அந்தப் பெட்டி காலியாகிக்கொண்டே இருக்கும். தோட்டாவுக்கு நிறைந்துகொண்டே போகும், நிறைந்த அன்றைக்கு உங்கள் கடைக்கு ஆள் வராது.