ஒடுங்கியது ஒழிவதில்லை

கல்வராயன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், பிறவி இரத்தநோயால் இறந்த குழந்தையை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினோம். "எங்கள் வம்சத்தில் இது கிடையாது, சாமி. வந்தவளோடு வந்தது" என்றார் பாட்டனார். வந்தவள் வேறு யாருமல்லள். அவருடைய உடன்பிறந்த தங்கையின் மகள். அத்திருமணத்திற்குத் திருச்சபையின் விலக்கு வேண்டி எழுதியவன் நான்.

அன்றிரவு கிரிகோர் மெண்டலின் கட்டுரையை மீண்டும் வாசித்தேன். அகுஸ்தினார் சபைத் துறவியும் குருவுமான அவர், புர்னோ மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டுக் கண்டதை 1865-இல் அறிஞர் அவையில் வாசித்து, 1866-இல் அச்சேற்றினார். அதன் அருமையை உலகம் உணர 1900 வரை ஆயிற்று. நடையில் அலங்காரமில்லை, எண்களே பேசுகின்றன. உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் உருண்டையே விளைந்தது. சுருக்கம் தொலைந்தது என்றே எவரும் எண்ணுவர். அடுத்த தலைமுறையிலோ 5,474 உருண்டை விதைகளோடு 1,850 சுருங்கிய விதைகள்! மறைந்தது மாறாமல் திரும்பிவிட்டது.

இக்கட்டுரையின் குறை அதன் கலைச்சொல்லில் உள்ளது. வெளிப்படும் பண்பை 'ஆதிக்கம் செலுத்துவது' என்றார் மெண்டல். நம் பாடநூல்களின் 'ஓங்கு பண்பு' என்ற சொல்லும் உயர்வு தாழ்வு என்ற எண்ணத்தையே எழுப்புகிறது. ஆறு விரல் பெரும்பாலும் ஓங்கு பண்பாகவே வருகிறது. ஆயினும் ஊரில் ஐந்து விரலோரே மிகுதி அல்லவா? மாறாக, 'ஒடுங்கு பண்பு' அருமையான தமிழாக்கம். ஆமை ஒடுங்குகிறது, அழிவதில்லை.

பட்டாணிக்குரிய விதி நமக்கும் உரியதே. தந்தை ஒரு கூறு தருகிறார். தாய் ஒரு கூறு தருகிறார். நலமாயுள்ள இருவரும் ஒரே ஒடுங்கிய குறையைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நோய் வெளிப்பட நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-இல் அறியப்பட்ட அரிவாள் செல் சோகையும் இவ்வாறே வருகிறது. உறவுக்குள் மணம் முடித்தால், முன்னோர் ஒருவரின் குறை இருவழியாகவும் ஒரே குழந்தையை வந்தடையக்கூடும்.

ஆகவே, அத்தாயை மட்டும் குற்றஞ்சாட்ட மெண்டலின் எண்கள் இடந்தரவில்லை. பிறவிக் குருடரைக் கண்டு சீடர் கேட்ட கேள்வியை நம் வீடுகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பாட்டனாரிடம் இதை எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. இனி விலக்குக் கேட்டு வருவோரிடம், "முதலில் கள்ளக்குறிச்சிக்குச் சென்று மருத்துவரைக் கண்டு வாருங்கள்" என்பேன். அதை அன்றே சொல்லியிருக்கவேண்டும்.