சைக்கிள் உபதேசம்

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018இல் அதை அறிவித்ததிலிருந்து நம் வாரப் பத்திரிகைகளுக்கு வருடத்துக்கு ஒரு கட்டுரை நிச்சயமாகிவிட்டது. பெற்றோல் விலை கூடும் மாதங்களில் அதே கட்டுரை வேறு தலைப்பில் இன்னொரு தடவையும் வரும். வேலைக்குச் சைக்கிளில் போகத் தயக்கமா, இதோ விடை என்று தொடங்கும். வியர்க்குமே? மாற்றுச் சட்டை கொண்டுபோங்கள். தூரமாயிற்றே? மெல்ல மெல்லப் பழகுங்கள். மழை வந்தால்? மழைக்கோட்டு இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும். வீதியில் பயமாக இருக்கிறதே? நாலு நாள் ஓடினால் பயம் தெளிந்துவிடும், தைரியமாக மிதியுங்கள். கூடவே தொப்பை கரைந்த ஒருவரின் சிரித்த முகம்.

இதில் பாதிக்கு மேல் உண்மைதான். வியர்வையால் யாரும் வேலை இழந்ததில்லை. சமநிலத்தில் ஐந்து கிலோமீற்றரை அரை மணிக்குள் மிதித்துவிடலாம். பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சைக்கிள் தோற்காது. ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்தால் ஒரு லுமாலா சைக்கிள் வாங்கிய கடன் காலப்போக்கில் அடைந்துவிடும். சீனி வியாதியும் பிரஷரும் வீட்டுக்கு வீடு இருக்கிற காலத்தில் காலுக்கு வேலை கொடுப்பது நல்லதே. தபால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் கௌரவமாக ஓடிய வண்டியை இன்று வக்கற்றவனின் வண்டியாகப் பார்க்கிறோமே, அது வெட்கக்கேடு என்று கட்டுரையாளர்கள் எழுதுவதும் சரி. இந்த நாலு பதிலிலும் எனக்கு வழக்கில்லை.

வழக்கு ஐந்தாவது பதிலோடு. பல வருடங்களாக அதோடுதான்.

ரம்புக்கனையில் இருந்துகொண்டு அந்தப் பதிலைப் படிக்க வேண்டும். மலைநாட்டுக்கு ஏறும் ரயிலுக்கு இதுதான் அடிவாரம். 1867இல் கண்டிக்குப் போய்ச் சேர்ந்த பாதை இங்கிருந்துதான் கடிகமுவ, இஹல கோட்டை, பலன என்று மூச்சுவாங்கிக் கடுகண்ணாவைக்கு ஏறுகிறது. பெரிய எஞ்சினே துணை எஞ்சின் கேட்ட ஏற்றம் அது. கேகாலை, மாவனல்லைப் பக்கம் போகும் வீதிகள் அவ்வளவு செங்குத்தல்ல என்றாலும் சமநிலம் என்று சொல்ல ஏலாது. வளைவுக்குப் பின் வளைவு. ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் பள்ளம் அல்லது கொங்கிரீட் கான். தார் முடிகிற இடத்தில் ஒதுங்கிநிற்க ஒரு சாண் மண்கூட இல்லாத இடங்கள் பல. 1975இல் பின்னவலையில் யானைகள் சரணாலயம் வந்த நாள் முதல் சுற்றுலா வேன்களும் இதே வீதியில். ஒரே தரிப்பில் நிற்கும் ஆட்களை முந்திப் பிடிக்க இரண்டு தனியார் பஸ்கள் ஓடுவதை இந்த ஊரில் யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை.

இதற்குள் சைக்கிள்காரனை நிறுத்திப் பாருங்கள். ஏற்றத்தில் அவன் நடக்கும் வேகத்தில்தான் போவான். அந்த வேகத்தில் வண்டி நேராக ஓடாது, இரண்டு பக்கமும் ஆடும். அதாவது வீதி ஒடுங்கும் இடத்தில்தான் அவனுக்கு அதிக அகலம் வேண்டும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு வளைவு மறைக்கிறது. இறக்கத்தில் கதை வேறு. ஊரில் ஓடும் சாதாரணச் சைக்கிளின் பிரேக் என்பது இரும்பு விளிம்பில் உரசும் ரப்பர் கட்டை. நனைந்த இரும்பில் அது பிடிக்காது. சப்ரகமுவவில் மழை விருந்தாளியல்ல, வீட்டுக்காரர். இங்கே ஒருவருக்குப் பயம் வருகிறது என்றால் அவருடைய மூளை ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். அதைத்தான் நம் கட்டுரையாளர்கள் ஒரு மனக்குறையாக எடுத்துக்கொண்டு மருந்தெழுதுகிறார்கள்.

இலங்கையில் வருடத்துக்குச் சராசரி 38,000 வீதி விபத்துகள், அவற்றில் ஏறத்தாழ 3,000 மரணங்கள், 8,000 கடும் காயங்கள் என்று உலக வங்கி 2020இல் எழுதியது. அயல்நாடுகளோடு ஒப்பிட்டால் சனத்தொகைக் கணக்கில் நம் மரண வீதமே மோசம் என்றும் சொன்னது. சாவோரில் பெரும் பங்கு பாதசாரிகளும் இரண்டு, மூன்று சில்லு வண்டிக்காரர்களும். இந்த எண்களை வைத்துக்கொண்டு, பழகினால் சரியாகிவிடும் என்று எழுதக் கை எப்படி வருகிறது?

பயம் மனதில்தான் இருக்கிறது என்பதற்கு எதிரான சாட்சியை 2022 தானாகவே கொண்டுவந்து வைத்தது. அந்த ஏப்ரலில் இந்த ஊர் பெயர் எடுத்தது எதனால் என்று யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 338 ரூபாவான மறுநாள், ஏப்ரல் 19ஆம் திகதி, எரிபொருள் கேட்டு ரயில் பாதையை மறித்த சனத்தின் மீது பொலிஸார் சுட்டு ஒருவர் இறந்தார். ஜூன் கடைசியில் விலை 470 ஆனது. அப்புறம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் கையை விரித்தது. அந்த நாட்களில் நாடு முழுவதும் சைக்கிளுக்குப் பஞ்சம் வந்தது. விறகுக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்தவை எண்ணெய் போடப்பட்டு வெளியே வந்தன. ரம்புக்கனையிலும்தான்.

அதே மனிதர்கள், அதே மேடு, அதே ஜூன் மழை. யாரும் கட்டுரை படித்துப் பயத்தை வெல்லவில்லை. வீதியில் வாகனம் குறைந்திருந்தது, அவ்வளவே. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் பஸ்ஸும் வேனும் திரும்பின. சைக்கிள்கள் கொட்டிலுக்குத் திரும்பின. இதைச் சோம்பல் என்று எழுதினார்கள். பழைய பவிசு திரும்பிவிட்டது என்றும் எழுதினார்கள். வீதி மாறியது என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

உபதேசிகள் தவறாமல் காட்டும் உதாரணம் ஒல்லாந்து. காட்டுவதாக இருந்தால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும். 1971இல் ஒல்லாந்தின் வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் செத்தார்கள். அதில் 400க்கு மேல் சிறுவர்கள். மொத்தக் கணக்கு உலக வங்கி எழுதிய நம்முடைய கணக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த நாட்டுத் தாய் தகப்பன்மார் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிச் சைக்கிளேற்றி அனுப்பவில்லை. பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற கோஷத்தோடு வீதியை மறித்தார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி அவர்களுக்குக் கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடத் தடை வந்தபோது வெறும் வீதி எப்படி இருக்கும் என்று சனம் கண்ணால் கண்டது. அதற்குப் பிறகுதான் சைக்கிளுக்குத் தனி வழி, குடியிருப்புகளில் வேகக் கட்டுப்பாடு எல்லாம். இன்று அங்கே வருட மரணம் 700 அளவில். நமக்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது, வெறும் வீதியை நாமும் கண்டோம். நாம் எழுதியது மாற்றுச் சட்டையைப் பற்றி.

தமிழ்நாட்டுப் புதுக்கோட்டையையும் இழுக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்களே, துணிவுதானே என்கிறார்கள். துணிவுதான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் வென்றது ஊர்வாயை. ஊர்வாயைத் துணிவால் வெல்லலாம். வளைவில் முந்தும் பஸ்ஸை வெல்ல ஏலாது. மேலும் அங்கே கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார், சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடானது, பயிற்சி முகாம் நடந்தது. தட்டை நிலம் வேறு. யாழ்ப்பாணத்துக் கதையும் இதேதான். தொண்ணூறுகளில் பெற்றோல் தடையின் கீழ் ஒரு குடாநாடே சைக்கிளில் ஓடியது என்றால், மேடில்லாத மண்ணும் வாகனமில்லாத வீதியும் அதற்கு உடந்தை.

நம் பக்கத் தோட்டங்களுக்கு வருவோம், ஏனெனில் இந்தக் கட்டுரைகளில் தோட்டம் என்று ஓர் இடமே கிடையாது. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவருக்கு வேலைத்தலம் லயத்துக்கு மேலே உள்ள மலை. அவருக்குச் சைக்கிள் தேவையில்லை. அவருடைய பிள்ளைகள்தான் இன்று கேகாலையிலும் மாவனல்லையிலும் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்து ரோட்டு என்பது சல்லியும் குழியும் சரிவும். சைக்கிளை ஏறி ஓட்டுவதைவிடத் தள்ளிக்கொண்டு போகும் தூரமே கூட. அதைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தால் மேலே சொன்ன கூத்து. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்பிள்ளைக்கு வீதி விளக்கு அணைந்த மைல்கள் இருக்கின்றன. அவளிடம் போய்த் தயக்கத்தை உதறு என்று சொல்வது அறியாமை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது அதை அலட்சியம் என்றே சொல்வேன். வீதியைச் செய்யக் கடமைப்பட்டவர்களை விட்டுவிட்டு, வீதிக்கு அஞ்சுகிறவளைத் திருத்தப் புறப்படும் எழுத்து, நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டாலும், கடமை தவறியவர்களுக்கே சாட்சி சொல்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் சைக்கிளுக்கும் வரி விதிக்க இடமிருக்கிறது. வரி போட நினைவு வந்த வண்டிக்கு வழி விடத்தான் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

எல்லாம் முடியாத காரியமா என்றால் இல்லை. ரம்புக்கனையிலிருந்து கொழும்புக்கு 80 கிலோமீற்றருக்கும் மேல். விடியற்காலை ரயில்களில் உத்தியோகத்துக்குப் போய் இருட்டில் திரும்புகிறவர்கள் இந்த ஊரின் பெரும் கூட்டம். அவர்களில் பலருக்கு வீட்டிலிருந்து ஸ்டேஷன் இரண்டு மூன்று கிலோமீற்றர்தான். சைக்கிள் கட்டுரைகளுக்கு இந்த ஊரில் பொருத்தமான இடம் அதுதான். கூரையும் காவலும் உள்ள ஒரு சைக்கிள் தரிப்பிடம், ஸ்டேஷனை நோக்கி வரும் வீதிகளில் கானுக்கு மூடி போட்டு ஒரு மீற்றர் ஓரம், ரயில் நேரத்தில் எரியும் விளக்கு. வானளாவிய கோரிக்கை எதுவுமில்லை. வீதி அபிவிருத்தி அதிகார சபை, பிரதேச சபை, ரயில்வே திணைக்களம் மூன்றும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

ஆகவே பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த கட்டுரையின் கேள்விகளை இந்த மூன்று அலுவலகங்களுக்கும் அனுப்பி, அவர்கள் தரும் பதில்களைப் பெயரோடு போடுங்கள். அவை வரும்வரை, பிள்ளையை அந்த வீதியில் சைக்கிளில் அனுப்ப மறுக்கும் தாயிடம் யாரும் தைரியம் பேசப் போகவேண்டாம்.